மூன்று முறை விழுந்தால் கேட்கும்

அத்தியாயம் 9

செத்துப்போனவரின் சட்டை ஏன் கம்பிக் கூண்டின் மேல் கிடந்தது என்பதற்குப் போலீஸ் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'வெப்பம் தாங்காமல் கழற்றியிருக்கலாம்.'

"இவங்க எழுதற 'லாம்' எல்லாத்தையும் சேர்த்து வெச்சா தனியா ஒரு நாவல் தேறும் டீச்சர்," என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. இருபது வருஷம் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டுத் துப்பறிய வந்தவர். வகுப்பில் யாரும் சிரிக்கக் கூடாது என்ற பழக்கம் இன்னும் விடவில்லை. நான் அவருடைய உதவியாள். முன்பு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அதனால் எனக்குப் பெயரே ரிப்பேர் என்று ஆகிவிட்டது.

"மணி என்ன ரிப்பேர்?"

"மூணு பத்து."

ஐந்து மணிக்கு ஒருவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள், கொலைக் குற்றத்துக்கு. அவனுடைய அக்கா காலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். "என் தம்பி எறும்பைக்கூட மிதிக்க மாட்டான்னு பொய் சொல்ல மாட்டேன். எறும்பு, கரப்பான் எல்லாம் அடிப்பான். ஆனா அவரை மாட்டான். ஒன்பது வருஷமா ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல சாப்பிடறவங்க," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாங்கள் நின்றிருந்த இடம், கம்ப்யூட்டர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஒரு நிறுவனத்தின் மூன்றாவது மாடி. எங்களுக்குக் காவலாக ஒரு கான்ஸ்டபிள். வழிகாட்ட மேனேஜர். மேனேஜர் மடிப்புக் கலையாத சட்டையோடு, இழவு வீட்டில் நிற்பது போலக் கைகட்டி நின்றார்.

"இதுதான் வெப்ப அறை," என்றார்.

ஒரு முழக் கனத்துக்குச் சுவர், இரும்புக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். உள்ளே அறுபது டிகிரி வரை சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில் ஒரு கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எப்போது மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பதுதான் இவர்கள் தொழில். உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடி மூன்று வாரமாகக் கழன்று கிடக்கிறது. மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்த காகிதம் கதவிலேயே ஒட்டியிருந்தது.

முந்தாநாள் இந்த அறைக்குள் செத்துக் கிடந்தவரை எல்லோரும் நூல்பிடி என்று கூப்பிடுவார்கள். எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும் அவருக்கு. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் உள்ளே போனார். யாரோ தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். நான்கு மணிக்கு மேனேஜர் வெளியிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தபோது உயிர் இல்லை.

அந்த நேரம் மாடியில் இருந்தது ஒரே ஒருவன். அக்காவின் தம்பி. இங்கே டெஸ்டர்.

"காலையில ரெண்டு பேரும் கத்திச் சண்டை போட்டாங்க. நானே கேட்டேன்," என்றார் மேனேஜர்.

"எங்க நின்னு கத்தினாங்க?" டீச்சர் கேட்டார்.

"டெஸ்ட் ரூம்ல."

டெஸ்ட் ரூமுக்குள் போனோம். ஆறு பெரிய மின்விசிறிகள் ஒரே நேரத்தில் உறுமின. டீச்சர் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"என்னது?" என்று கத்தினேன்.

"இதான் சண்டையான்னு கேட்டேன்!" என்று அவரும் கத்தினார்.

இந்த அறையில் தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூடச் சண்டை போட்டுத்தான் கேட்க வேண்டும். வேலை பார்ப்பவர்கள் காதை அடைத்துக்கொண்டு உட்காருவார்களாம். அடைப்பான் இன்னும் டெஸ்டரின் மேசை மேல் கிடந்தது. அவன் மேசை வெப்ப அறையின் பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. கதவு இருப்பது சுற்றிக்கொண்டு போக வேண்டிய நடையில். சுவருக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவர், நடுவில் ஒரு முழம். எனக்கு அந்த மேசையில் கை வைக்கவே பிடிக்கவில்லை.

மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார் டீச்சர். "சாகறவர் ஏன் ஒரு ஒயரைப் பிடுங்கிப் போடல? மெஷின் நின்னா இந்த டெஸ்டர் எழுந்து வந்திருப்பாரே?"

"பிடுங்க முடியாது மேடம். கம்ப்யூட்டரையெல்லாம் கஸ்டமரே கம்பிக் கூண்டுல வெச்சு சீல் பண்ணி அனுப்பிட்டாங்க. ஒயர் எல்லாம் இரும்புக் குழாய் வழியா வெளிய வருது. போனும் உள்ள கொண்டு போகக் கூடாது, பாட்டரி வீங்கிடும். வெளிய தட்டுல வெச்சுட்டுத்தான் போகணும்," என்றார் மேனேஜர்.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"ஒன்றரைக்கே கிளம்பி கஸ்டமர் ஆபீஸுக்குப் போயிட்டேன். நாலு மணிக்குத்தான் இந்தக் கட்டடத்துக்குள்ள காலே வெச்சேன். போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன்."

டீச்சர் தலையாட்டினார். "அன்னைக்கு ஓடின டெஸ்ட்டைக் காட்டு ரிப்பேர்."

நான் கீபோர்டை இழுத்துக்கொண்டேன். நூல்பிடி தன் கையால் எழுதிய ப்ரோக்ராம் ஒன்று இருக்கிறது. பெயர் உரைகல். பளபளப்பு எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடும் கன்சோல் சமாச்சாரம். எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் போட்டாலும் ஓடும், ஓடி ஒரே மாதிரி அளக்கும். எந்திரத்துக்கு ஒரு முரட்டுக் கணக்கைக் கொடுக்கும், எவ்வளவு சீக்கிரம் போட்டது என்று பார்க்கும், இருபது விநாடிக்கு ஒரு தடவை ஒரு ஸ்கோரைத் துப்பும். அன்றைக்குக் கூண்டில் மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றும் மூன்று விதமான சிஸ்டம்.

"இதெல்லாம் எங்க போற கம்ப்யூட்டர்?"

"ஆம்புலன்ஸுக்கு," என்று மேனேஜர் முணுமுணுத்தார்.

போலீஸ் எடுத்துப்போன அறிக்கையின் நகலைத் திரையில் விரித்தேன். மூன்றாவது கம்ப்யூட்டரின் ஸ்கோர்கள் வரிசையாக வந்தன. எட்டு நூற்றுப் பத்து, எட்டு நூற்றுப் பன்னிரண்டு, எட்டு நூற்று ஒன்பது. டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், மணி மூன்று ஒன்பது என்ற வரியில் நின்றார்.

"இங்க ரெண்டு மட்டும் ஏன் நானூறு?"

"தூசி, தும்மல், எதாவது இருக்கும் டீச்சர். எந்திரமும் மனுஷன் மாதிரிதான். ஒண்ணு ரெண்டு சறுக்கும்."

"ரெண்டு மணி நேரத்துல முன்னூத்தி அறுபது தடவை அளந்திருக்கணும். மத்ததெல்லாம் ஒரே உயரம். என் கிளாஸ்ல நாப்பது பசங்களும் தொண்ணூறு வாங்கினா நான் சந்தோஷப்பட மாட்டேன் ரிப்பேர். யாரு காப்பியடிச்சான்னு பார்ப்பேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "காப்பி இல்ல டீச்சர். வடிகட்டியிருக்காங்க. இங்க அது வழக்கம். இதோ, உரைகல்லோட விதியிலேயே இருக்கு. ஸ்கோர் ஒரு தடவை விழுந்தா உரைகல் கண்டுக்காது. ரெண்டு தடவை விழுந்தாலும் கண்டுக்காது. அடுத்தடுத்து மூணு தடவை விழுந்தாத்தான், 'விலகிய எண்கள். நீக்கவா?'ன்னு ஒரு வரி கேட்கும். முன்னால உட்கார்ந்திருக்கிறவர் 'ஆம்'னு அடிப்பார். அறிக்கையில இருந்து அது போயிடும்."

"இல்லைன்னு அடிக்க மாட்டாங்களா?"

"இந்தத் தொழில்ல இருக்கிற எவனும் அடிக்க மாட்டான். விழுந்த ஸ்கோர்னா அவங்களுக்குக் குப்பை. வீட்டுல கூட்டற மாதிரி கூட்டித் தள்ளிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாங்க."

"கூட்டின குப்பையை எங்க கொட்டுவாங்க?"

இந்தக் கேள்வியை இரண்டு நாளாக ஒரு போலீஸ்காரரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றவில்லை. நூல்பிடி மாதிரி ஆள் எதையும் எறிய மாட்டார் என்று மட்டும் தோன்றியது. ப்ரோக்ராம் இருந்த இடத்தையே துழாவினேன். இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது. 'தள்ளியவை' என்று ஒரு ஃபைல்.

பின்னால் மேனேஜர் செருமினார். "அதெல்லாம் வேஸ்ட் மேடம். யாரும் பார்க்கறதே இல்ல."

"வேஸ்ட்டுன்னா நான் பார்த்தா என்ன?" என்றார் டீச்சர்.

ஃபைலைத் திறந்தேன். திரை நிறைந்து வழிந்தது.

மூன்றாவது கம்ப்யூட்டர். இரண்டு இருபது முதல் மூன்று மணி தாண்டும் வரை. மூன்று ஸ்கோர் தரையைத் தொட்டது, பிறகு சரியாக ஏறியது. மறுபடி மூன்று விழுந்தது, மறுபடி ஏறியது. மூன்று, மறுபடி மூன்று. ஒரு இடத்தில்கூட நான்கு இல்லை. பக்கத்துக்குப் பக்கம் தள்ளினேன், அதேதான்.

"ஃபேன் பழுதா இருந்தா இப்படி விழுமா?"

"விழாது டீச்சர். பழுதுக்கு எண்ணத் தெரியாது." சொல்லி முடிக்கும்போதே அந்தப் போலீஸ் குறிப்பு ஞாபகம் வந்தது. "சட்டை..."

"சொல்லு."

"கூண்டு கம்பி வலைதான். உள்ள கை போகாது. ஆனா ஃபேன் காத்து இழுக்கிற இடத்துல வெளிய இருந்து சட்டையை வெச்சு அழுத்தினா, எந்திரத்துக்கு மூச்சு முட்டும். ஸ்கோர் விழும். எடுத்தா ஏறும். ஒரு நிமிஷம் அழுத்தியிருக்காரு, எடுத்திருக்காரு. ஒரு நிமிஷம்னா மூணு ஸ்கோர்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தச் சுவரைப் பார்த்தார். "விதியை எழுதினவரே அவர்தானே. மூணு விழுந்தா வெளிய இருக்கிற ஆள்கிட்ட உரைகல் கேள்வி கேட்கும்னு அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் இந்த மேசைக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்காரு."

எத்தனை என்று எண்ணினேன். முப்பத்து மூன்று கேள்விகள். கடைசியாக மூன்று ஒன்பதுக்கு இரண்டே ஸ்கோர் விழுந்து, மூன்றாவது விழவில்லை. அதனால் உரைகல் கேட்கவும் இல்லை. அறிக்கையில் தப்பித் தங்கிய அந்த இரண்டு நானூறுகள் அவைதான்.

கான்ஸ்டபிள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா மேடம்!" மேனேஜரின் குரலில் தெம்பு வந்தது. "முப்பத்து மூணு தடவை பார்த்துட்டு சும்மா உட்கார்ந்திருக்கான். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

 அவர் சொன்னதில் தப்பில்லை. அக்காவுக்குத் தம்பியை மீட்டுத் தருகிறோம் என்று வந்து, தூக்குக் கயிற்றை நாங்களே முறுக்கிக் கொடுத்துவிட்டோம் போலிருந்தது.

டீச்சர் அசையவில்லை. "முதல் கேள்விக்குப் பதில் என்ன ரிப்பேர்?"

"இரண்டு இருபது. பதில் இல்லை. இரண்டு இருபத்திரண்டு. பதில் இல்லை. பதில் வரலைன்னா நிலுவையில வெச்சிருக்கும். அடுத்து 'ஆம்'னு அடிச்சா சேர்த்துத் துடைச்சிடும்."

"ஆள் மேசையில இல்ல. எழுந்து போயிருக்காரு. அப்புறம்?"

"இரண்டு இருபத்து நாலு. ஆம். பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம், அதுல ஏதோ அடிச்சிருக்கான்..." படித்தேன். படித்ததை நம்பாமல் மறுபடி படித்தேன். பிறகு சத்தமாகப் படித்தேன். "'மின்விசிறிக் கோளாறு, கஸ்டமருக்குத் தெரியும், விழுவதையெல்லாம் நீக்கவும். மேனேஜர் இன்டர்காமில் சொன்னது.' அதுக்குக் கீழ முப்பது தடவை, 'அதே'."



"இன்டர்காம்ல வெளிய இருந்து பேச முடியுமா?" டீச்சர் என்னைத்தான் கேட்டார்.

"முடியாது டீச்சர். அதோட கம்பி இந்தக் கட்டடத்தைத் தாண்டாது."

"அவன் பொய்யா எழுதியிருப்பான்!" என்றார் மேனேஜர். "அப்புறமா உட்கார்ந்து மாத்தியிருப்பான்!"

"ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒரு எண் இருக்கு சார்," என்றேன். "முந்தின வரியை வெச்சுப் போட்ட கணக்கு. நடுவுல ஒரு எழுத்தை மாத்தினா அதுக்குக் கீழ எல்லாம் உதைக்கும். நூல்பிடி ஃபைல் சார் இது. உங்க வாக்குமூலம் மாதிரி இல்ல."

டீச்சர் சுவரோரம் குனிந்தார். மேசைக்கு வரும் திரை ஒயர்களோடு இன்னொன்று பிரிந்து சுவரோரமாக ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். வெப்ப அறைக் கதவுக்கு நேர் எதிரே இருந்த மேனேஜர் அறையில் போய் முடிந்தது. நுனியில் திரை இல்லை. மேசையில் ஒரு திரையின் அடிப்பாகம் இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் இருந்தது.

"ஸ்கோர் விழறதை இங்க இருந்து பார்த்திருக்கீங்க. டெஸ்டர் எழுந்து வெளிய வர்றதையும் பார்த்திருக்கீங்க. அதான் இன்டர்காமை எடுத்துக் கூப்பிட்டு, கூப்பிடறாங்களேன்னு அவர் திரும்பிப் போற மாதிரி பண்ணிட்டீங்க," என்றார் டீச்சர்.

மேனேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை முதுகில் நனைந்திருந்தது.

"சான்றிதழ்ல கையெழுத்து மட்டும் போட்டிருந்தா திறந்திருப்பேன்," என்றார். "அந்த மெஷின் சூட்டுல பாதி வேகத்துக்கு வந்துடுது, ஆம்புலன்ஸுக்கு லாயக்கில்லன்னு பிடிவாதம் பிடிச்சாரு. பத்து நிமிஷம் பயமுறுத்தலாம்னுதான்..."

"இருபத்து நாலு நிமிஷம் ஆனப்ப இன்டர்காமை எடுத்தீங்க. இங்க இருந்து கதவு பன்னிரண்டு அடி."

 கான்ஸ்டபிள் அவர் தோளில் கை வைத்தார். எனக்கு அந்த ஆளை ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. விடவில்லை. இப்போதும் அதற்காக வருத்தமாக இருக்கிறது.

நாலே முக்காலுக்குக் காவல் நிலையத்தின் படியேறினோம். ஏறும்போது டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த மூணு மூணை டெஸ்டர்கிட்ட சொல்லாதே. ஃபேன் பழுதுன்னே இருக்கட்டும்."

"கோர்ட்டுல தெரிஞ்சிடுமே டீச்சர்."

"அது வரைக்குமாவது தூங்கட்டும்."

டீச்சர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் பார்த்தார், கான்ஸ்டபிளிடம் போனில் பேசினார், டெஸ்டரை வரச் சொன்னார். ஒல்லியான ஆள். இரண்டு நாள் தாடி. அங்கே காத்திருந்த அக்கா எழுந்து போய் அவன் தலையைத் தடவினாள். "வாடா. வீட்டுக்குப் போகலாம். மேனேஜர்தானாம், அவனே ஒத்துக்கிட்டானாம்."

அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தான். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க 'தள்ளியவை'யில எழுதின குறிப்பு," என்றார் டீச்சர். "மேனேஜர் இன்டர்காம்ல கூப்பிட்டதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அது... யாரும் ஸ்கோரைப் பத்திக் கேட்கல மேடம். செல்போன்ல கூப்பிட்டாங்களா, யார் வந்தாங்க போனாங்கன்னுதான் கேட்டாங்க. தள்ளறதெல்லாம் தினமும் நடக்கிறது." சற்று நிறுத்தினான். "முதல்ல நான் போய்ப் பாக்கலாம்னு எழுந்தேன். நடைக்குக்கூட வந்துட்டேன். மேசையில இன்டர்காம் லைட் எரியறது தெரிஞ்சுது, திரும்பிட்டேன். அந்த ஃபேன் நிஜமாவே பழுதுதானா?"

"ஆமாம்."

"எப்படி விழுந்துச்சு?"

"கண்டபடி விழுந்துது. அதை விடுங்க, உங்க அக்கா காலையில இருந்து சாப்பிடல."

அவன் விடவில்லை. கண்ணை மூடி எதையோ ஓட்டிப் பார்த்தான். "கண்டபடி விழுந்தா ஒண்ணு ஒண்ணா, ரெண்டு ரெண்டா அறிக்கையில நிறைய தங்கியிருக்கணுமே மேடம். அதை உரைகல் கேட்காது, நானும் தள்ளியிருக்க மாட்டேன். அன்னைக்கு அறிக்கையை நான்தான் எடுத்தேன். ஒரே ஒரு இடத்துல ரெண்டு, மத்தது சுத்தமா இருந்துச்சு."

டீச்சர் பார்வையை மேசைப் பக்கம் திருப்பினார். 

"அப்ப எல்லாமே சரியா மூணு," என்றான் மெதுவாக. "அவரு."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா? யாரு?"

"எத்தனை தடவை மேடம்?"

பொய் அதற்கு மேல் தாங்காது என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. "முப்பத்து மூணு தடவை கேட்டிருக்கு. முப்பத்தோரு தடவை ஆம்னு அடிச்சிருக்கீங்க."

அவன் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.  இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். அவனிடம் சொன்னார்: "சாட்சியா ஒரு வாக்குமூலம் வேணும், அவ்வளவுதான். அந்த ரெண்டு இருபத்து நாலு குறிப்பு ஒண்ணு போதும்பா. மத்ததையெல்லாம் எழுத வேண்டியதில்ல, விட்டுடலாம். கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ."

அவன் எழுந்து வந்து மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இல்ல சார். ஒண்ணையும் தள்ள வேணாம். ரெண்டு இருபதுல ஆரம்பிங்க."

இன்ஸ்பெக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையை மட்டும் அசைத்தார். இன்ஸ்பெக்டர் புதிதாக ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தார்.